தாத்தாவின் தும்பி

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பரணில் ஒரு விநோதமான வஸ்து கிடந்தது. யானையின் தும்பிக்கையை யாரோ அறுத்துக் கொண்டுவந்து வெயிலில் உலர்த்தியது போல இருக்கும். கையால் தொட்டால் சொரசொரவென்று ஒரு கூச்சம். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் பாட்டி அதைத் தூக்கி எறியப் பார்ப்பாள். தாத்தா விடமாட்டார். "அது பாட்டுக்குக் கிடக்கட்டும். சோறா கேக்குது?" என்பார்.

அது கவலை இறைத்த காலத்துத் தும்பி. மின்சார மோட்டார் வருவதற்கு முன் எங்கள் பக்கத்தில் கிணற்று நீரை மாடு கட்டித்தான் இறைத்தார்கள். சால் கிணற்றில் இறங்கும். மாடுகள் சரிவில் முன்னோக்கி நடக்கும். சால் மேலே ஏறும். அதன் அடியில் தொங்கும் தோல் குழாய் வாய் திறந்து தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். அந்தக் குழாய்தான் தும்பி. அந்தக் காலத்தில் சால் முழுவதுமே தோல்தான். பிறகு இரும்புச் சால் வந்து, தும்பி மட்டும் தோலாக நின்றது. தாத்தாவின் தும்பிக்கு ஒரு விசேஷம் உண்டு என்று அவரே சொல்வார். "குரோம் தோலுடா இது. பட்டைத் தோலா இருந்தா எப்பவோ மக்கிப் போயிருக்கும்."

அந்த வாக்கியத்தின் முழு அர்த்தமும் எனக்கு விளங்க முப்பது வருஷம் ஆயிற்று.

ஆம்பூரை வைத்து ஒரு நாவல் எழுதலாம் என்று பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். (நாவல் இன்னும் நடக்கவில்லை; அது வேறு கதை.) அப்போதுதான் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தேன். எஞ்சினீயர். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் இருந்தவர். நம் வீட்டுச் சமையலறைக்குள் அலுமினியப் பாத்திரத்தைக் கொண்டுவந்து சேர்த்த கைங்கரியம் அவருடையதுதான். 1903ஆம் வருஷம் அவர் அதே பள்ளியில் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் பரிசோதனையைத் தொடங்கினார். எதற்காக? சீமைத் துரைகளின் பூட்ஸுக்காக அல்ல. நம் குடியானவனின் கவலைச் சாலுக்காக! பட்டையில் பதனிட்ட தோல் ஓயாமல் தண்ணீரில் நனைந்தால் சீக்கிரம் இற்றுப் போகிறது. ஏழை விவசாயி அடிக்கடி புதுச் சால் வாங்க வேண்டியிருக்கிறது. தண்ணீருக்கு அசையாத குரோம் தோலில் செய்து கொடுத்தால் அவனுக்குச் செலவு மிச்சம். இதுதான் சாட்டர்டன் போட்ட கணக்கு.

ஆக, தமிழ்நாட்டுக்குக் குரோம் வந்தது கிணற்றுக்கு உதவி செய்ய. பொருள் நீடித்து உழைக்கவேண்டும், ஒருமுறை வாங்கினால் வெகுநாள் வரவேண்டும் என்ற சிக்கன எண்ணத்தின் பிள்ளை அது. எங்கள் தாத்தாவின் தும்பியே அதற்குச் சாட்சி.

அதே 1903இல், நவம்பர் மாதம், பாலாற்றில் ஒரு பெருவெள்ளம் வந்தது. மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர் வாணியம்பாடியில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. இரண்டு சம்பவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரிப் பொருத்தங்களைக் கண்டால் மனசு நிற்காது. பாலாறு கடைசியாகத் தன் முழு பலத்தையும் காட்டிய வருஷமும், அதற்குப் பின்னால் யமனாக வரப்போகிற ஒரு பொருள் சென்னைப் பள்ளிக்கூடத்துத் தொட்டியில் முதன்முதலில் கரைக்கப்பட்ட வருஷமும் ஒன்றாக இருக்கின்றன.

சாட்டர்டனின் முயற்சி அதிக நாள் சர்க்கார் கையில் நிற்கவில்லை. சர்க்கார் வியாபாரம் செய்யக்கூடாது என்று இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910இல் லண்டனிலிருந்து தடுத்துவிட்டார். தனியார் கைக்கு அந்தத் தொழில் போயிற்று. சென்னைக்குத் தெற்கே சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயரின் குரோம் தோல் தொழிற்சாலை எழும்பியது. அந்த இடத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர்தான் குரோம்பேட்டை. அந்த ஊரில் ரெயிலிலிருந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரில் ஒரு உப்பு ஒளிந்திருப்பது தெரியும்?

ஆனால் எங்கள் பக்கத்துக்குத் தோல் தொழில் குரோமோடு வரவில்லை. அது மிகப் பழையது. 1840களில் டி சூசா என்ற புதுச்சேரிக்காரர் ஆவாரம்பட்டையில் பதனிடும் நம் பழைய முறையைச் செப்பனிட்டார் என்று சொல்வார்கள். அதன் பிறகு வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் முஸ்லிம் வியாபாரிகள் அந்தத் தொழிலைத் தங்கள் கையில் எடுத்து, லண்டன் ஏலச் சந்தை வரை கொண்டுபோனார்கள். கிழக்கிந்தியத் தோல் என்று உலகம் அதற்குப் பெயர் கொடுத்தது. இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அந்தத் தோல் தயாராகும் விதத்தை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கி, சதை வழித்து, கழுவி, ஆவாரம்பட்டை ஊறிய குழியில் போடவேண்டும். ஒவ்வொரு நாளும் எடுத்துப் புரட்டிப் போடவேண்டும். பட்டை வலுவிழந்தால் புதுப்பட்டை சேர்க்கவேண்டும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர், அப்புறம் எண்ணெய். எல்லாம் முடிய வாரக் கணக்கில் ஆகும். பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்ட வேலியோரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பறித்து வருகிறோமே, அதே ஆவாரைதான். வறண்ட கரட்டில் யாரும் தண்ணீர் விடாமல் முளைக்கும் செடி.

இதைக் கேட்டவுடன் சிலருக்குக் கண்ணில் நீர் துளிர்க்கும். ஆகா, பழங்காலம் எவ்வளவு சுத்தம் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சுண்ணாம்புக் குழியில் வெறுங்காலோடு இறங்கி நின்றவர்களின் பாதம் வெடித்து இரத்தம் கசிந்தது. உலகத்துக்கெல்லாம் செருப்புத் தோல் செய்த கால்களுக்குச் செருப்பு இல்லை. அவர்கள் யார், எந்தச் சேரியிலிருந்து வந்தார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. திண்டுக்கல் தோல் தொழிலாளிகளைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது, படித்தவர்களுக்குத் தெரியும்.

மரப்பட்டையும் முழுக்க நிரபராதி அல்ல. ஆவாரை போதவில்லை என்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையைக் கப்பலில் இறக்கினார்கள். பிறகு, வெளியிலிருந்து ஏன் வாங்கவேண்டும் என்று நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் வாட்டில் மரத்தை நட்டார்கள். அந்த மரம் சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கிக்கொண்டு பரவி, இன்று அதைப் பிடுங்கி எறியக் கோர்ட்டு வரை போகவேண்டியிருக்கிறது. எந்தப் பொருளையும் அளவுக்கு மீறிக் கேட்டால், பட்டையானாலும் உப்பானாலும் எங்கோ ஒரு மலையோ ஆறோ அதற்கு விலை கொடுக்கிறது.

இனி எங்கள் கிணற்றின் கதைக்கு வருகிறேன்.

1970களின் ஆரம்பத்தில் மத்திய சர்க்கார் ஒரு கொள்கை வகுத்தது. பாதி பதனிட்ட தோலை மலிவாக அனுப்பாதீர்கள். முழுக்க முடித்த தோலாக, செருப்பாக, பையாக அனுப்புங்கள். அந்நியச் செலாவணி பெருகும், வேலை பெருகும். சீதாராமையா கமிட்டியின் சிபாரிசு அது. நியாயமான யோசனை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் வெளிநாட்டுக்காரனுக்கு மெல்லிய, மிருதுவான, எந்தச் சாயமும் ஏறக்கூடிய தோல் வேண்டும். அதற்குக் குரோம்தான் சரி. பட்டைக்கு வாரக் கணக்கு என்றால், குரோமுக்கு டிரம்மில் போட்டுச் சுற்றினால் ஒரு நாள். அதே சமயத்தில் மேல்நாடுகள் தங்கள் ஆறுகளைக் காப்பாற்றக் கடுமையான சட்டங்கள் போட்டன. அங்கே டேனரிகள் மூடின. இங்கே திறந்தன.

எங்கள் நிலம் ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் இருக்கிறது. பாலாறு எப்போதும் மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. மேலே பார்த்தால் பாலைவனம். கையால் ஒரு முழம் தோண்டினால் ஊற்று. எங்கள் தென்னை, நெல், கரும்பு எல்லாம் அந்த மறைந்த தண்ணீரில்தான் வளர்ந்தன. 1990களின் தொடக்கத்தில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், ஒரு காலை மோட்டாரைப் போட்டபோது தொட்டியில் நுரை கட்டியது. தாத்தா ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். உப்பு. மாடு அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று நான்கு வருஷத்தில் தென்னங்காய் எலுமிச்சை அளவுக்குச் சிறுத்தது. நெல் பதராயிற்று. எங்களுக்கு மேலே எந்த டேனரி தண்ணீரைத் திறந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். கேட்கப் போன பெரியவர்களுக்கு நல்ல டீ கொடுத்து அனுப்பினார்கள்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். கிணற்றைக் கெடுத்ததில் குரோமைவிட உப்புக்குப் பங்கு அதிகம். தோல் அழுகாமல் இருக்க உரித்தவுடன் அதில் உப்பைக் கொட்டுகிறார்கள். டேனரியில் கழுவும்போது அவ்வளவும் தண்ணீரில் போகிறது. பட்டைக் காலத்திலும் இது உண்டு. ஆனால் அன்று ஊருக்குச் சில குழிகள். பின்னால் ஆற்றங்கரை நெடுகிலும் நூற்றுக் கணக்கில் டிரம்கள். ஒரு கிலோ தோலை முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்று பின்னால் சுப்ரீம் கோர்ட்டே எழுதிற்று.

அந்த வழக்கு 1991இல் போடப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை போட்ட வழக்கு. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தீர்ப்பு வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்று வேளாண் ஆராய்ச்சி நிலையம் கண்டதை அதில் எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். அழுக்காக்கியவனே அதற்கான கூலியைக் கொடுக்கவேண்டும் என்ற விதி இந்த நாட்டின் சட்டத்தில் சேர்ந்தே இருக்கிறது என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. உலகம் முழுவதும் சட்டக் கல்லூரிகளில் இன்று அதைப் பாடமாக வாசிக்கிறார்கள். எங்கள் கிணறு புத்தகத்தில் ஏறிவிட்டது; தண்ணீர்தான் திரும்பவில்லை.

நஷ்டத்தைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைத்தார்கள். 2001 மார்ச்சில் அது கணக்குச் சொல்லிற்று: வேலூர் மாவட்டத்தில் 15,164 ஹெக்டேர், பாதிக்கப்பட்டோர் 29,193, மொத்தம் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். நான் கணக்கில் மந்தம்தான். ஆனாலும் வகுத்துப் பார்த்தேன். ஏக்கருக்கு ஏழாயிரத்துச் சொச்சம். எங்கள் தாத்தா தன் ஆயுளில் பார்த்த கிணற்றுக்கு அது விலை. அந்தப் பணமும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. மறுபடி வழக்கு, மறுபடி சுப்ரீம் கோர்ட்டு. 2025 ஜனவரி 30ஆம் தேதி, நிலுவை நஷ்டஈட்டை ஆறு வாரத்துக்குள் கொடுங்கள், ஆற்றைச் சீராக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமையுங்கள் என்று உத்தரவு வந்தது. சரியாகப் பத்து வருஷத்துக்கு முன், 2015 ஜனவரி 30ஆம் தேதி இரவு விடிவதற்குள், ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூலிக்காரர்களில் பத்துப் பேர் சேற்றில் புதைந்து மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இப்போது டேனரிகள் கழிவுநீரை வெளியே விடக்கூடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டி, ஆவியாக்கி, தண்ணீரைத் திரும்ப உபயோகிக்கவேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் தண்ணீரை ஆவியாக்க விறகும் மின்சாரமும் வேண்டுமே! ஆற்றில் கரைந்துகொண்டிருந்த பாவத்தைப் புகையாக்கி ஆகாயத்தில் ஏற்றுகிறோம். மிஞ்சுகிற உப்பு யாருக்கும் உதவாத உப்பு. கொட்ட இடமில்லாமல் மூட்டைகளில் குவிந்து கிடக்கிறது. பூமி சூடேறுகிறது, காற்றில் கரி கூடுகிறது என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். ஒரு ஜோடி செருப்பில் எவ்வளவு அடங்கியிருக்கிறது பாருங்கள்! மாடு விடுகிற மூச்சிலிருந்து, உப்பு, தண்ணீர், விறகு, கப்பல் எண்ணெய் வரைக்கும். தோலே வேண்டாம் என்று சிலர் சொல்லுகிறார்கள். அவர்கள் காட்டுகிற மாற்றுத் தோலில் பெரும்பகுதி பெட்ரோலியத்தில் பிறந்த பிளாஸ்டிக். அது மக்குவதற்கு நம் பேரன் பேத்திகள் காலமும் போதாது.

அப்படியானால் குறைவாக வாங்குவது ஒன்றுதானே வழி என்று எனக்குத் தோன்றியது. அதை என் அண்ணியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அண்ணி ஒரு ஷூ கம்பெனியில் மேற்பகுதி தைக்கிற பிரிவில் வேலை செய்கிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். ஊர்ப் பெண்கள் டிபன் பாக்ஸோடு ஏறுவார்கள். நிலம் கெட்டபின் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில். அவள் சொன்னாள்: "2020ல கொரோனா வந்தப்போ வெள்ளைக்காரன் செருப்பு வாங்கறத நிறுத்தினான். ஆத்துல நுரை இல்லன்னு நீ போன்ல சந்தோஷப்பட்ட. எனக்கு மாசக்கணக்கா சம்பளம் இல்ல. நீ இன்னொரு கட்டுரை எழுதுவ தம்பி, நான் இன்னா பண்றது?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து என் செருப்பு அலமாரியைத் திறந்து எண்ணினேன். ஏழு ஜோடி. தாத்தாவுக்கு ஒன்று. அது கிழிந்தால் ஊர்ச் செருப்புத் தைப்பவர் வந்து வார் மாற்றுவார், அடித்தோல் வைத்துத் தைப்பார். காசு கிடையாது, அறுவடையில் களத்து மேட்டில் மேரையாக நெல் அளப்பார்கள். பழுது பார்ப்பதையும் சேர்த்தே கொடுத்த கூலி அது. செருப்பு நன்றாக உழைத்தால் அவருக்கும் லாபம், தாத்தாவுக்கும் லாபம். இதைப் பற்றிப் பெருமைப்பட நினைத்தபோதே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: தான் தைத்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு அவர் எங்கள் தெருவில் நடக்க முடியாது, தெருமுனையிலேயே கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கூலி முறையும் அந்த முறைகேடும் ஒரே துணியின் இரண்டு நூல்கள். ஒன்றை மட்டும் உருவி எடுத்துக் கொண்டாட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பழுது பார்க்கிறவனுக்கும் மரியாதையான கூலி கிடைக்கிற ஒரு ஏற்பாட்டை நாம் புதிதாகச் செய்துகொள்ள எந்த சாஸ்திரமும் தடை சொல்லவில்லை. ஏழு ஜோடி விற்று அண்ணிக்குக் கிடைக்கிற கூலி, நீடித்து உழைக்கிற இரண்டு ஜோடியிலேயே கிடைக்கும்படி விலையும் கூலியும் அமையுமானால் அவள் என்னோடு சண்டை போடமாட்டாள். அந்த விலையைக் கொடுக்க நான் தயாரா என்பது அலமாரியைத் திறந்தபோதுதான் என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி. ஏழில் நான்கு, தள்ளுபடி விலையில் வாங்கியவை.

சென்ற மாதம் ஆம்பூர் போனேன். பரணிலிருந்த தும்பி இப்போது என்னிடம் இருக்கிறது. நுனிப்பக்கம் எலி கடித்துக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிந்த பாகத்தை ஒரு கடுதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கூடவே வார் அறுந்த ஒரு பழைய செருப்பும். கடைத்தெரு ஓரத்தில் கறுப்புக் குடை விரித்து ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். காலில் ரப்பர்ச் செருப்பு.

"இதைப் போட்டுட்டுப் புதுசு வாங்கு சார்" என்றார், செருப்பைத் திருப்பிப் பார்த்து. அப்புறம் கட்டைவிரலால் அடித்தோலை அழுத்தினார். "பட்டைத் தோலு. சரி, இரு. வாருக்குத் தோலு வேணுமே."

கடுதாசியைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் அதை முகர்ந்தார், வளைத்தார், நகத்தால் கீறினார். "குரோமு. பழைய சரக்கு. எங்க புடிச்ச?"

"கவலைத் தும்பி, அய்யா. எங்க தாத்தாவோடது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் இருந்தது. தோலை அதில் போட்டு அமுக்கினார். "அரை அவர் ஊறணும். டீ சாப்பிட்டு வா."

"ஊத்துத் தண்ணியா இது?" என்று கேட்டேன்.

"ஊத்து எங்க சார் இருக்கு? லாரித் தண்ணி. குடம் காசு" என்றார்.